போனது எந்த மெசின்

மீனாம்பிகைக்குக் காசு பெரிசில்லை. உந்த உழவு மெசின் வளவை விட்டுத் துலைஞ்சாக் காணும். சரி, விப்பம் எண்டு வெளிக்கிட்டால், அதுக்கும் ஒருத்தன் கிழமைக் கிழமை வந்து மெசினுக்குக் கீழை மல்லாந்து படுத்துக் கிடக்கிறான். மனுசருக்குக் கோபம் வருமா வராதா?

"தம்பி, பொம்பிளை பாக்க வாறவையும் இவ்வளவு நேரம் பாக்கமாட்டினம். ஓடின மெசின்தானே, பிறகென்ன?"

"ஓடுறது வேறை அக்கா. உண்மையான மெசினோ எண்டது வேறை," எண்டு கீழையிருந்து சத்தம் மட்டும் வந்தது.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரன் மயூரதன். நெல்லியடிப் பெடியன். கிழமை நாளிலை தொழில்நுட்பக் கல்லூரியிலை படிப்பிக்கிறான், சனி ஞாயிறிலை பழைய உழவு மெசினுகளின்ரை பூர்வீகம் தேடித் திரியிறான். விசரெண்டால் விசர்தான், ஆனா நல்ல விசர். கொழும்பிலை ஒரு பெரிய மனுசன் பழைய பேர்கசன் ரக்ரர் மெசினுகளை வாங்கி மினுக்கி வரிசையா நிப்பாட்டி வைச்சிருக்கிறாராம். எஞ்சின், கியர்பொக்ஸ், கொம்பனி அடிச்ச நம்பர்த் தகடு எல்லாம் ஒண்டாப் பிறந்து ஒண்டா வளந்ததுகள் எண்டு மயூரதன் சொன்னாத்தான் அவர் வாங்குவாராம்.

"எல்லாம் ஒண்டாப் பிறந்ததுகள்தான். என்ரை ஐயா புதுசா வாங்கின மெசின். வேணுமெண்டால் சத்தியம் பண்ணுறன்," எண்டு சொல்லிப்போட்டு மீனாம்பிகை தேத்தண்ணி போடப் போட்டா.

அவவுக்கு ஏன் இந்த அவசரம் எண்டு பண்டத்தரிப்பிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். தெரியாத ஆக்களுக்கு முன்வீட்டுப் பரமலிங்கம் கதிரை போட்டு இருத்திச் சொல்லிக் குடுப்பார். அந்த மனுசனுக்கு வேறை என்ன வேலை?

கதை இதுதான். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதம். மீனாம்பிகையின்ரை ஐயா சீவரத்தினத்திட்டை ஒரு சிவப்புப் பேர்கசன் நிண்டது. யாழ்ப்பாண ரவுணிலை முஸ்லிம் சனம் இருக்கிற சோனகத் தெருவிலை இருந்த நஸ்ருதீன் காக்காவிட்டையும் அதே மாதிரி ஒண்டு. அவர் அதுக்குத் தலையிலையிருந்து கால்வரைக்கும் பச்சைப் பெயின்ற் அடிச்சு வைச்சிருந்தார். கால போக உழவு துவங்கினால் பச்சை மெசின் பண்டத்தரிப்புக்கு வந்திடும். ரண்டு பேரும் சேர்ந்து ஊர் வயலெல்லாம் உழுதுபோட்டு, ரண்டு மெசினையும் சீவரத்தினத்தின்ரை கொட்டிலுக்கை சோடியா நிப்பாட்டுவினம். அந்த வருசமும் அப்பிடி நிக்கேக்கைதான் ரவுணிலை இருந்த முஸ்லிம் சனம் முழுக்க ரண்டு மணித்தியாலத்துக்குள்ளை வெளிக்கிட வேணும் எண்டு இயக்கம் துவக்கோடை வந்து சொன்னது. வீட்டைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டு, உடுத்த உடுப்போடை போங்கோ எண்டு. நஸ்ருதீன் காக்கா மனுசியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போட்டார். போற வழியிலை ஆரிட்டையோ சொல்லி அனுப்பினார்: மெசின் சீவரத்தினத்தாரிட்டை இருக்கட்டும், நான் வந்து எடுப்பன்.

பிறகு கொஞ்ச நாளிலை இயக்கப் பெடியள் வந்தாங்கள். சோனகற்றை மெசின் ஒண்டு இஞ்சை நிக்குதாம், எடுத்துக் குடுங்கோ எண்டாங்கள். சீவரத்தினம் ஒரு வாய்ப்பேச்சுப் பேசேல்லை. தானே கொட்டிலுக்கை போய், பச்சை மெசினை ஸ்ராட் பண்ணி, படலையடியிலை கொண்டுவந்து விட்டிட்டு இறங்கினார். பத்தொன்பது வயசுப் பெட்டை மீனாம்பிகை குசினி யன்னலுக்காலை பாத்துக்கொண்டு நிண்டா.

"ஏன் ஐயா குடுத்தனீங்கள்? ஒளிச்சு வைச்சிருக்கலாமே?"

"உன்ரை வேலையைப் பார்."

அவ்வளவுதான். அதுக்குமேலை அந்த மனுசன் சாகும்வரைக்கும் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை. ஊர் திறந்தது. நம்பித் தந்தவன்ரை பொருளைத் தூக்கிக் குடுத்திட்டுத் தன்ரையைக் காப்பாத்தின மனுசன் எண்டு சொல்லிச்சினம். பெடியளுக்குச் சொல்லி அனுப்பினதே அவர்தான் எண்டும் சிலபேர் வாய் கூசாமல் சொல்லிச்சினம். மீனாம்பிகைக்குச் சம்பந்தம் பேசி வந்த இடத்திலைகூட உந்தக் கதை முந்திக்கொண்டு போய் இருந்தது. அவ எல்லாரோடையும் சண்டை பிடிச்சா. கோயிலடியிலை, சங்கக் கடையிலை, கிணத்தடியிலை பிடிச்சா. ஆனா சண்டை பிடிச்சுப்போட்டு வீட்டை வந்து என்ன செய்யிறது? அவவின்ரை ரண்டு கண்ணாலை பாத்தது பொய்யாகுமே? பச்சை மெசின் போனது. சிவப்பு மெசின் நிக்குது. ஐயா தெற்குப் பாதை திறக்கிறதுக்கு முதல் வருசம், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த இடத்திலை சரிஞ்சு போனார். கேக்கிறதுக்கும் ஆளில்லை.

தேத்தண்ணியோடை வந்தா, மயூரதன் வெளியிலை வந்து கைதுடைச்சுக்கொண்டு நிக்கிறான். முகம் சரியில்லை.

"என்ன, விலை போகாதோ?"

"அக்கா, கோவிக்காமல் கேளுங்கோ. நம்பர்த் தகடு அறுபத்திமூண்டாம் ஆண்டு. ஐயாவின்ரை மெசின் புத்தகத்தோடை சரியா வருது. ஆனா எஞ்சினிலை வெட்டியிருக்கிற நம்பர் வேறை. சரி, எஞ்சின் மாத்தினதாக்கும் எண்டு நினைச்சன். கீழை படுத்துப் பாத்தால் கியர்பொக்ஸ், பின் அச்சு எல்லாத்தின்ரை வார்ப்பிலையும் அறுபதாம் ஆண்டு எண்டுதான் கிடக்கு. அறுபத்திமூண்டு எண்டு இந்த மெசினிலை தகட்டைத் தவிர வேறொண்டும் இல்லை."

"எனக்கு உது விளங்கேல்லை. விளங்கிற மாதிரிச் சொல்லும்."

"உடம்பு ஒரு மெசின். பேர் இன்னொரு மெசின். தகட்டைப் பாருங்கோ, கொம்பனியாலை வரேக்கை ஆணி அறைஞ்சு வரும். இது ஆரோ கழட்டி ஸ்குறூ போட்டிருக்கினம்." அவன் ரோச் லைற்றை எண்ணெய்த் தாங்கிக்குக் கீழை அடிச்சுக் காட்டினான். எஞ்சின்ரை பக்கத்திலை கறுப்புப் பெயின்ற்றைச் சுரண்டியிருந்தான். சுரண்டின இடத்திலை பச்சை தெரிஞ்சது.

மீனாம்பிகை கோப்பையைக் கீழை வைச்சா.

"தம்பி... அப்ப அண்டைக்குப் போனது?"

"சிவப்பு மெசின்தான் போயிருக்கு அக்கா. பச்சைப் பொனற்றும் பச்சை மட்காட்டும் போட்டு, எஞ்சினுக்கும் பச்சை பூசிக்கொண்டு போயிருக்கு. பொனற்றும் மட்காட்டும் நாலு நட்டிலை கழரும். தெரிஞ்ச ஒரு ஆளுக்கு ஒரு பகல் வேலை."

அவவுக்கு உடனை நினைவு வந்தது. பெடியள் வாறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முதல், ஒரு பகல், ஐயா அம்மாவையும் அவவையும் சங்கானைச் சித்தி வீட்டுக் கலியாண வேலைக்கெண்டு துரத்தாத குறையா அனுப்பினவர். கலியாணத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கு எண்டு அம்மா சொல்லச் சொல்லக் கேளாமல் அனுப்பினவர்.

"ஏன் அப்பிடிச் செய்தவர்?" எண்டு கேட்டா. கேக்கேக்கையே மறுமொழி அவவுக்குத் தெரிஞ்சுது.

மயூரதன் நிலத்தைப் பாத்துக்கொண்டு, "அறுபதாம் ஆண்டு வார்ப்பெண்டால் இரும்பு திறம் எண்டு பழைய ஆக்கள் தேடி எடுக்கிறவை அக்கா," எண்டான்.

கேட்டீங்களே கதையை! இவ்வளவு காலமும் ஐயா பயந்து குடுத்த மனுசன் எண்டுதான் ஊர் சொன்னது. இப்ப பாத்தால் கள்ளன். திறம் மெசினைத் தான் அமத்திக்கொண்டு, தன்ரையைப் பச்சையாக்கித் தள்ளிவிட்ட கள்ளன். பயந்தவன்ரை மகளா இருக்கிறது ஒரு கஸ்ரம், கள்ளன்ரை மகளா எப்பிடி இருக்கிறது?

"நான் கொழும்புக்கு எஞ்சின் மாத்தினது எண்டு மட்டும் சொல்லுறன். விலை கொஞ்சம் குறையும், மெசின் போயிடும். வேறை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியவராது."

நல்ல பெடியன், நல்லதுக்குத்தான் சொன்னான். மீனாம்பிகைக்கும் ஆசை வந்தது, இல்லையெண்டு சொல்லேலாது. மெசின் கொழும்புக்குப் போயிடும், கதை அதோடை முடியும். அவ கொட்டில் வாசலிலை நிண்டு அந்தச் சிவப்புப் பொனற்றைப் பாத்தா. பாக்கப் பாக்க ஆத்திரம் ஏறிச்சுது. ஐயாவிலையோ, பரமலிங்கத்திலையோ, தன்னிலையோ, ஆரிலை எண்டு தெரியேல்லை.

"வேண்டாம். களவெண்டால் களவெண்டு தெரியட்டும். நஸ்ருதீன் காக்கான்ரை மகன் ரவுணிலை இரும்புக் கடை வைச்சிருக்கிறார்தானே, அவரை வரச் சொல்லும்."

"நௌபர் அண்ணையோ? நான் அவரிட்டைத்தான் பழைய சாமான் எடுக்கிறனான். அக்கா, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"யோசிச்சால் சொல்லமாட்டன். இப்பவே எடும் போனை!"

அந்த நௌபர்தான் கைப்பிள்ளையாப் போனவர். சண்டை முடிஞ்ச பிறகு தாயையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து கடை திறந்தவர். வந்த நாளிலையிருந்து மீனாம்பிகை அந்தக் கடையைக் கண்டால் றோட்டின்ரை மற்றப் பக்கத்துக்கு மாறிடுவா. அவர் ஒருநாளும் மெசினைப்பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வாய்க்கு வாய் கதைச்சிருக்கலாம். கேளாமல் விட்டதுதான் அவவுக்குத் தாங்கேலாமல் இருந்தது.

அடுத்தநாள் பத்து மணிபோலை ஓட்டோ வந்து படலையடியிலை நிண்டது. நௌபர் இறங்கி, தாய் றஷீதாவைக் கைபிடிச்சு இறக்கினார். முழங்கால் ஏலாத மனுசி, ஆனா கண் ரண்டும் நல்ல கூர். மீனாம்பிகை படலையைத் திறந்து விட்டிட்டு ஒதுங்கி நிண்டா. மயூரதன்தான் கதிரை எடுத்துப் போட்டான்.

"கதிரை கிடக்கட்டும் மகன்," எண்டா றஷீதா. "மெசின் எங்கை?"

கொட்டிலுக்குள்ளை வந்தவ பொனற்றையும் பாக்கேல்லை, தகட்டையும் பாக்கேல்லை. நேர எஞ்சின்ரை இடப்பக்கம் போய்க் குனிஞ்சு, கையை உள்ளுக்கை விட்டுத் தடவினா. தடவிக்கொண்டு வந்த விரல் ஒரு இடத்திலை நிண்டது.

"மகன், இஞ்சை உரஞ்சுங்கோ."

மயூரதன் உரஞ்சினான். கறுப்புப் போய், பச்சை போய், அதுக்குக் கீழை ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சளா ஒரு கோடு மினுங்கிச்சுது. இரும்பு வெடிச்ச இடத்திலை பித்தளை ஊத்தி ஒட்டின கோடு.

"எங்கடை மெசின்தான்," எண்டா றஷீதா.

மீனாம்பிகை மட்காட்டைப் பிடிச்சுக்கொண்டா. "அம்மா, எனக்கு ஒண்டும் தெரியாது. நேற்றுத்தான் தெரியும். என்ரை ஐயா செய்தது பிழை. நீங்கள் என்ன சொன்னாலும் நான் கேக்கிறன். ஆனா எனக்குத் தெரியாது அம்மா."

றஷீதா அவவை விளங்காத மாதிரிப் பாத்தா. "என்ன பிழை?"

"தகட்டை மாத்திக் களவெடுத்தது..."

"களவோ? இதையோ?" றஷீதாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. "பிள்ளை, உந்த எஞ்சின் வெடிச்சது எப்பிடி எண்டு தெரியுமோ? எங்கடை மனுசன் பொல்லாத அவசரக்காரன். மெசின் கொதிச்சுப் போய் நிக்குது, ஆற விடுங்கோ எண்டு நான் சொல்லுறன், கேக்காமல் ஒரு வாளி பச்சைத் தண்ணியை அப்பிடியே ஊத்தினார். டமார் எண்டு வெடிச்சுது. குருநகரிலை வள்ளத்து எஞ்சினுக்கு ஒட்டுப் போடுற யாகோப்பு எண்ட ஆளைப் பிடிச்சுத்தான் இந்தப் பித்தளை ஊத்தினது. அதுக்குப் பிறகு இது மெசினே இல்லை, சனியன். அரை வயல் உழ முந்திக் கொதிக்கும். இதை ஆராவது களவெடுத்துக்கொண்டு போனால் பள்ளிவாசலுக்குக் கஞ்சி குடுப்பன் எண்டு அவரே சொல்லுவார்."

றஷீதா எஞ்சினைத் தட்டிக் காட்டினா.

"உங்கடை ஐயாவின்ரை மெசின் அப்பிடியில்லை. அந்த வருசந்தான் எஞ்சின் முழுக்கப் புதுசாச் செய்து இறக்கினவர். எங்கடை மனுசனுக்குச் சரியான எரிச்சல். சீவரத்தினத்தின்ரை மெசின் வெண்ணெயிலை கத்தி போற மாதிரிப் போகுது, என்ரை மெசின் இருமிக்கொண்டு நிக்குது எண்டு வீட்டை வந்து புலம்புவார்."

மயூரதன் மெல்லமா எழும்பினான். "அக்கா, ரண்டு மெசினும் கொட்டிலுக்கை நிக்கேக்கை ஐயாவுக்கு எது நல்லது, எது வெடிச்சது எண்டு தெரியும்தானே?"

"தெரியாமல்? ஒட்டுப் போட ஏத்திக்கொண்டு போனதே அவற்றை மெசினுக்குப் பின்னாலை கொழுவிற பெட்டியிலைதான்," எண்டா றஷீதா.

"அப்ப பாருங்கோ. சும்மா இருந்திருந்தால் பெடியள் வந்து இந்த வெடிச்ச பச்சை மெசினைக் கொண்டு போயிருப்பாங்கள். ஐயாவின்ரை நல்ல மெசின் ஐயாவிட்டையே நிண்டிருக்கும். அவர் ஒண்டுமே செய்யத் தேவையில்லை."

"உடைஞ்சதை வைச்சுக்கொண்டு புதுசைக் குடுக்கிற கள்ளன் எந்த ஊரிலை இருக்கிறான் பிள்ளை?" எண்டா றஷீதா. இப்ப சிரிப்பில்லை. "அவர் தன்ரையைக் குடுத்திட்டு எங்கடையை வைச்சிருந்திருக்கிறார்."

மீனாம்பிகைக்கு அப்பதான் பிடிபட்டது. மண்ணெண்ணெய்! கடவுளே, மண்ணெண்ணெய்! தொண்ணூறுக்குப் பிறகு இந்த மெசின் ஒழுங்கா ஓடினதேயில்லை. கொதிக்கும், நிக்கும், தண்ணி குடிக்கும். அந்தக் காலத்திலை பொருளாதாரத் தடை, டீசல் கண்ணிலை காட்டக் கிடையாது, மோட்டார்ச் சைக்கிளிலையிருந்து லொறிவரைக்கும் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. எது பழுதானாலும் மண்ணெண்ணெயிலைதான் பழி. ஐயாவும் அதைத்தான் சொன்னார். தொண்ணூற்றைஞ்சிலை ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போகேக்கை, நாவற்குழிப் பாலத்தடியிலை மெசின் கொதிச்சு நிண்டு, பெட்டியிலை இருந்த சனமெல்லாம் இறங்கித் திட்டிச்சுது. அம்மாவும் திட்டினா. மீனாம்பிகையும் திட்டினவ. ஐயா வாளியோடை போய், கொஞ்சம் கொஞ்சமாத்தான் தண்ணி விட்டார், அவசரப்படாமல். மண்ணெண்ணெய்தான் பிள்ளை எண்டார். யாழ்ப்பாணத்திலை அதை நம்பாத ஆள் ஆர்?

சொல்லியிருக்கலாம். ஆரிட்டைச் சொல்லுறது? வெளியிலை தெரிஞ்சால் மெசின் மட்டுமில்லை, ஆளும் போயிருக்கும். பிறகு சொல்லுவம், காக்கா வரட்டும் எண்டு இருந்திருப்பார். காக்கா வர ஒரு பாதையும் இருக்கேல்லை. ஊர் காறித் துப்பத் துப்ப, பெத்த மகளும் முகம் குடுத்துக் கதையாமல் திரியத் திரிய, அந்த மனுசன் வெடிச்ச மெசினுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

மீனாம்பிகை கொட்டில் நிலத்திலையே இருந்து குழறினா. துக்கத்திலை வந்த அழுகை இல்லை. நெஞ்சுக்குள்ளை அவ்வளவு காலமும் கிடந்த கல்லை ஆரோ தூக்கி வெளியிலை போட்ட மாதிரி, மூச்சு விட இடம் கிடைச்ச அழுகை. அப்பாடா! ஐயா கள்ளனும் இல்லை, பயந்தவனும் இல்லை. அப்பாடா!

றஷீதா முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை வந்து இருந்தா. "புத்தளத்திலை ஓலைக் கொட்டிலுக்கை இருந்துகொண்டு நானும் அவரும் எவ்வளவு சண்டை பிடிச்சிருப்பம் தெரியுமோ? எல்லாம் போட்டுது எண்டு நான் சொல்லுவன். இல்லை, மெசின் இருக்கும், சீவரத்தினம் விடமாட்டான் எண்டு அவர் சொல்லுவார். கண்மூடி மௌத்தாகிற கிழமையும் சொன்னவர். இந்த மனுசனுக்கு மூளை பிசகிப் போச்சு எண்டு நான் நினைச்சன்." அவ முந்தானையாலை கண்ணைத் துடைச்சா. "இஞ்சை திரும்பி வந்த பிறகும் இவன் மெசினைக் கேப்பம் உம்மா எண்டான். கேக்காதை, இல்லையெண்டு அவையின்ரை வாயாலை கேட்டால் வாப்பான்ரை நம்பிக்கை பொய்யாப் போயிடும் எண்டு நான்தான் மறிச்சன்."

அதுதான் அந்தக் கேளாமைக்குக் காரணம். மீனாம்பிகை அந்த மனுசியின்ரை கையைப் பிடிச்சவ, விடேல்லை.

கொஞ்சம் தெளிஞ்ச பிறகு நௌபர் தொண்டையைச் செருமினார். "அக்கா, மெசின் இஞ்சையே நிக்கட்டும். இவ்வளவு காலம் பாத்தது நீங்கள்."

"ஏன் நிக்க வேணும்?" எண்டு பாய்ஞ்சா றஷீதா. "இது உன்ரை வாப்பான்ரை மெசின். கொண்டு போறதுக்குத்தான் அந்த மனுசன் வைச்சிருந்தவர்!"

"அம்மா சொல்லுறதுதான் சரி," எண்டா மீனாம்பிகை. "கொண்டு போங்கோ தம்பி. கொண்டு போகாட்டில் ஐயா வைச்சிருந்ததுக்கு என்ன கணக்கு?"

"அப்ப கொழும்புக்கு நான் என்ன சொல்லுறது?" எண்டான் மயூரதன்.

"மெசின் எங்கடை இல்லை எண்டு சொல்லும்." அதைச் சொல்ல அவவுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நௌபர் புதுப் பற்றறியும் டீசலும் கொண்டு வந்தார். மயூரதன் ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினான். மெசின் இருமிச்சுது, புகைச்சுது, பிறகு பிடிச்சுக்கொண்டுது. தகட்டைக் கழட்டித் தரவோ எண்டு நௌபர் கேட்டார். வேண்டாம், அதைக் கழட்டினால் உங்கடை மெசின் எங்கடை ஐயாவிட்டை இருந்ததுக்கு அத்தாட்சி இல்லாமல் போயிடும் எண்டு மீனாம்பிகை சொல்லிப்போட்டா. நௌபர் ஓட்ட, மீனாம்பிகை நல்ல சீலை உடுத்துக்கொண்டு மட்காட்டிலை ஏறி இருந்தா. சந்திவரைக்கும் நான் வருவன் எண்டு பிடிவாதம். ஐயாவை மாதிரித்தான்.

படலையாலை திரும்ப, முன்வீட்டு வாசலிலை பரமலிங்கம் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஊரெல்லாம் எட்டிப் பாக்குது.

"என்ன மீனா, மெசின் வித்தாச்சோ?"

"இல்லையண்ணை. சொந்தக்காரர் வந்திட்டினம், குடுக்கிறம். இவர் நஸ்ருதீன் காக்கான்ரை மகன்."

பரமலிங்கத்துக்கு முகம் மலர்ந்துபோட்டுது. இவ்வளவு வருசமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச கதைக்கு ஒரு புது வால் கிடைச்சால் விடுவாரே? "அப்ப இது அவையின்ரை மெசினோ? நான் அப்பவே நினைச்சன்! அப்ப அண்டைக்குப் பெடியளிட்டை உங்கடை ஐயா குடுத்தது?"

நௌபர் மெசினை மெதுவாக்கினார். மீனாம்பிகை மட்காட்டிலை நிமிர்ந்து இருந்து, அந்தப் பழைய எஞ்சின்ரை சத்தத்துக்கு மேலாலை, ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினா.

"அது எங்கடை மெசின் அண்ணை! எங்கடையைத்தான் ஐயா குடுத்தவர்!"